தராசு சொல்லாத கணக்கு

மார்ச் 4
நான் ஒளித்துவைத்து இனிப்பு தின்கிறேன் என்று என் மகன் டாக்டரிடம் சொன்னான். அந்த டாக்டரம்மாவும் அதை என் கோப்பில் எழுதிக்கொண்டார். இதுதான் எனக்கு நடந்த அநியாயம். “இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க, சர்க்கரை மட்டும் எகிறுது. வேற என்னம்மா காரணம்?” என்று என்னையே கேட்டார். பத்து வருடமாக என் எடை நாற்பத்தெட்டு கிலோ. வீட்டுக்கு வந்ததும் மகன் என் டப்பாக்களைக் குலுக்கிப் பார்த்தான். பொத்தான்கள்தான் கிலுகிலுத்தன.

மார்ச் 9
மகனிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 15
மூன்றாம் நாளாக நூலகம். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் பஞ்சுப்பொதி இல்லையாம். அடிபோனெக்டின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறதாம். ஈரலும் தசையும், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் பேச்சைக் கேட்க அது உதவுகிறது. வயிற்றுக்குள்ளே கொழுப்பு சேரச் சேர அந்த ஹார்மோன் குறைந்துபோகிறது; சர்க்கரை ஏறுகிறது. ஆனால் ஒல்லியான எனக்கு ஏது வயிறு?

மார்ச் 16
முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவள், இன்று என்னையே அளந்தேன். பழைய அளவு நோட்டில் என் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். இப்போது முப்பத்துநான்கு. கையும் தொடையும் இளைத்திருக்கின்றன. எடை அப்படியே இருக்க, சதை இடம் மாறியிருக்கிறது! வருடாவருடம் என் உடுப்பில் இடுப்புத் தையலைப் பிரித்துவிட்டு, கைப்பகுதியை இறுக்கிப் பிடித்துத் தைத்தது யார்? நான்தானே. கை செய்ததைக் கண் பார்க்கவில்லை.

மார்ச் 22
டாக்டர் முன் நோட்டை விரித்தேன். “இனிப்பு தின்னா தொடை இளைக்குமா?” அவரே டேப்பை வாங்கி அளந்தார். “தராசை மட்டும் பாத்துட்டேம்மா. என் தப்புதான்.” அந்த ஹார்மோனுக்கு மாத்திரை கேட்டேன். “அப்படி ஒண்ணு இன்னும் வரலை. வயிறு குறையணும், கைகால்ல பலம் ஏறணும்.”

மார்ச் 23
மகனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். “சரிம்மா, விடு. பழசை எதுக்குக் கிளறுற?”
“விடறதா? திருடின்னு சொன்னது நீ, விட வேண்டியது நானா?” போனை வச்சுட்டேன். அப்புறம் யார்கிட்ட பேசறது — சுவர்கிட்டயா?

மார்ச் 30
செய்ய வேண்டியவை.
டாக்டர்: கோப்பில் அந்த இனிப்பு வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நேற்றுப் போட்டுவிட்டார்.
நான்: காலையும் மாலையும் நடக்க வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழ வேண்டும். மாதம் ஒருமுறை அளவெடுக்க வேண்டும். தனியாக எடுத்தால் முதுகுப்பக்கம் டேப் இறங்கிவிடுகிறது.
மகன்: ஞாயிற்றுக்கிழமை வந்து டேப்பைப் பின்னால் பிடிக்க வேண்டும். நானே மறுபடி கூப்பிட்டேன்; வருவதாகச் சொல்லியிருக்கிறான். மன்னிப்பு கேட்டுவிட்டுப் பிடித்தாலும் சரி, பிடித்துவிட்டுக் கேட்டாலும் சரி.