வட்டம் போட்ட பச்சை, முக்கோணம் போட்ட சிவப்பு

என் உசுரான அண்ணனுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பழவேற்காட்டில் பஸ் ஏறி மீஞ்சூர் கம்பெனிக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். கல் மாதிரி இருக்கிறாளே என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி நம் வீடியோ கேமை எடுத்து வைத்து, என்னோடு ஆடேன் என்றாள். புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில் நீயும் நானும் ஆடுவோமே, அதே புதிர் விளையாட்டு. ஒருவர் பச்சைக் கல்லை மிதித்தால்தான் இன்னொருவருக்குக் கதவு திறக்கும். ஆரம்பத்தில் நீ சிவப்பில்தான் போய் நிற்பாய். "இன்னாண்ணா, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்துவேன். நீ சிரிப்பாய். திடீரென்று ஒருநாள் தேறிவிட்டாய். அதற்குப் பிறகு கற்களின்மேல் வட்டமும் முக்கோணமும் இருந்தன. அடுத்த கட்டம் போல என்று விட்டுவிட்டேன்.

சத்தத்தைக் குறைக்க செட்டிங்ஸைத் திறந்தபோதுதான் பார்த்தேன். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு என்று ஒரு வசதி. நீ ஆன் செய்து வைத்திருக்கிறாய். அணைத்தேன். வட்டமும் முக்கோணமும் போய்விட்டன.

அண்ணி தலை குனிந்தபடி சொன்னாள். "பொறந்ததுலர்ந்தே அப்படித்தான். சேப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா எவனும் படகுல ஏத்த மாட்டான்னு என் வாயைக் கட்டிட்டாரு."

கடலில் யார் வலை எது என்று தெரிய மிதவையில் கொடி கட்டுவோமே, நம் வலைக்கு எப்போதும் கறுப்புக் கொடிதான். அது கிழிந்துபோன வருடம் நான்தானே என் பச்சைத் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன்? பக்கத்தில் கன்னியப்பன் மாமாவின் வலைக்குச் சிவப்புக் கொடி. நீ தனியாகப் போய் அவர் வலையைத் தூக்கிவிட்டாய். ஊர்க்கூட்டத்தில் உன்னை நிற்கவைத்தார்கள், ஒரு மாதம் தொழிலுக்கு இறங்கக் கூடாதென்றார்கள். வலைத் திருடன் என்ற பெயர் சாவு வீடு வரைக்கும் வந்தது. நீ வாயே திறக்கவில்லையே, ஏன்? திருடன் என்ற பெயர் தேவலை என்று நினைத்தாயா?

எங்கேயோ உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்த ஒருவருக்கு, உன்னைப் போல ஒருத்தர் இருப்பார் என்று தோன்றியிருக்கிறது. கூடப் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கிறது. வெட்கம் மட்டும் இருக்கிறது.

உன் கண் விஷயத்தை ஊரில் சொல்ல அண்ணி சரி என்றுவிட்டாள். அடுத்த ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லைதான், நான் பேசுவேன். அன்று நீ கூட்டத்தில் நின்றபோது, இவன் எடுத்திருப்பான் என்று நானும் நம்பினேன் அண்ணா. அதைத்தான் முதலில் சொல்வேன், உன் கண்ணைப் பற்றி அப்புறம்.

உன்னைத் திருடன் என்று நம்பிய,
உன் கூடப் பிறந்தவள்