வரட்டும் என்றார் உங்கள் தம்பி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நானும் சின்னவளும் சௌக்கியம். உங்கள் தம்பியின் சௌக்கியத்தை ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், கோபிக்காதீர்கள். முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேனா ஓடாது.

போன் எதற்கு இருக்கிறது என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ கொட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதானே வழக்கம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான்.

போன மாதம் நீங்கள் அவரிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டார். “உனக்கென்னடா குறை? நல்ல வேலை, நல்ல பொண்டாட்டி. மனசை அடக்கத் தெரியாதவன்தான் அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போவான்” என்றீர்களாம். நல்ல பொண்டாட்டி என்றதற்கு நன்றி. மற்றபடி, நாங்கள் மாதக்கணக்கில் குருவி மாதிரி சேர்த்து வைத்ததை ஒரே ஊதலில் ஊதித் தள்ளிவிட்டீர்கள். அடுத்த வாரம் மனநல ஆலோசகரிடம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கேட்டால், அக்கா சொல்வதும் சரிதானே என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு நாள் பெரிய கட்டடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். ஆயிரம் தடவை செய்த வேலை. திடீரென்று நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்ததாம். விரல் மரத்துப்போய், சட்டை நனைந்து, செத்துப்போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியதாம். கூட வேலை செய்யும் நெட்டையர்தான் கைத்தாங்கலாக இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் அடித்துப் பிடித்து ஓடினேன். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மறுபடி வந்தது, மறுபடி ஓடினோம். கடைசியில் இதய டாக்டரே, “உங்க இதயம் என்னோடதைவிட நல்லா இருக்கு. நீங்க பார்க்க வேண்டிய ஆள் நான் இல்லை” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

ஏன் வந்தது, எதனால் வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடனா, சண்டையா, கண்ணேறா என்று ஆளுக்கொரு காரணம். காய்ச்சல் வந்தவனை இப்படி யாராவது குடைகிறார்களா? வந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு லிஃப்டில் ஏறவில்லை. பிறகு பஸ்ஸில் ஏறவில்லை. பிறகு முடிவெட்டும் நாற்காலியில் உட்கார முடியவில்லை, நான்தான் வீட்டில் கத்தரியோடு நின்றேன். அந்தக் கோலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பயம் ஒருபுறம் என்றால் அதைவிட மோசம், எதிலுமே பிடிப்பு இல்லாமல் போனது. சின்னவள் செஸ் பலகையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்புறம் ஆடலாம் என்பார். அவள் இந்தப் பக்கம் ஒரு காய் நகர்த்திவிட்டு, எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவுக்காகவும் நகர்த்துவாள்.

கம்பெனியில் நல்லவர்கள். போன் எடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் இவரிடம்தான் வரும். கயிறு அறாது, காற்று நன்றாக வரும், ஆள் வந்துகொண்டே இருக்கிறார் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்வாராம். அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வேறு. சாயங்காலம் தன் வீட்டுக்குப் படியேறும்போது மட்டும் ஒவ்வொரு மாடியிலும் நின்று நாடி பிடித்துப் பார்த்துக்கொள்வார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆலோசகரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. சின்ன வயதுப் பெண். முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்றேன். “ஒண்ணும் சொல்லல, கேட்டாங்க” என்றார். கேள்வி கேட்பதற்கு வீட்டில் நான் ஒருத்தி போதாதா என்று கோபம் வந்தது எனக்கு. அண்ணி, உங்களுக்கு இருக்கிற சந்தேகமெல்லாம் எனக்கும் இருந்தது. வெறும் பேச்சு என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அது வெறும் பேச்சு இல்லை. தீப்பிடிக்காத வீட்டில் அபாய மணி அடிக்கிற மாதிரி உங்கள் உடம்பு அடிக்கிறது, மணிக்குப் பயந்து நீங்கள் ஓட ஓட அடுத்த தடவை இன்னும் சத்தமாக அடிக்கும் என்று அந்தப் பெண் சொன்னதாம். நெஞ்சு படபடக்கும்போது உடனே மனசில் என்ன ஓடுகிறது, அது நிஜமா, அதற்கு என்ன ஆதாரம் என்று, பழுதான இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் இரண்டு பேரும் பிரித்துப் பார்த்தார்களாம். அந்த மொழி உங்கள் தம்பிக்குப் புரிந்துவிட்டது. மனச்சோர்வுக்கு மருத்துவர் ஒருவர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அதையும் நிறுத்தச் சொன்னீர்களாமே? அதை மட்டும் நான் விடவில்லை.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். என்னைப் பாராட்டப் போகிறார்கள் என்றுதான் போனேன். அவர் போகிற இடமெல்லாம் தண்ணீர் பாட்டிலோடு நான், அவருக்குப் பதில் கடைக்கு நான், அவர் வராத இடத்துக்கெல்லாம் பொய்க் காரணம் சொல்ல நான். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்றது. நான் தாங்கத் தாங்க, தான் தாங்கப்படவேண்டிய ஆள் என்று அவர் மனசு நம்பிக்கொண்டே போகிறதாம். எரிகிற தீயில் நான்தான் எண்ணெய் ஊற்றுகிறேனாம். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிய சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். மூன்று நாள் பொருமினேன். நாலாம் நாள் அவரே கடைக்குப் போய்விட்டு வந்தார். கேட்டது ஒன்று, வாங்கி வந்தது ஒன்று. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளிலேயே அதுதான் கடினமான வேலை.

லிஃப்டுக்கும் அப்படித்தான் வீட்டுப்பாடம். முதலில் கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது. பிறகு மூடித் திறப்பது. பிறகு ஒரு மாடி. ஒரு கூட்டல் கணக்குக்கு இத்தனை வாரமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நூலகக் கட்டடத்தில் மேல்மாடிவரை போகிற நாளன்று என்னையும் அழைத்துப் போனார். தைரியம் சொல்லக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. பாதி வழியில் முகம் வெளுத்தது. கழுத்தில் வியர்வை. என் கை தானாக நீண்டது, இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் கதவைப் பார்த்தபடி, “வருது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வரட்டும்” என்றார். வேறு ஒன்றும் செய்யவில்லை, அண்ணி. சும்மா நின்றார். வந்தது, நெஞ்சைப் பிசைந்தது, இறங்கிப் போய்விட்டது. கதவு திறந்ததும் புத்தகப் பெட்டியோடு நின்ற ஒருவர் கீழேயா என்று கேட்டார். கீழே போய் மறுபடி மேலே வரப்போகிறோம் என்றார் உங்கள் தம்பி. அந்த மனிதர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் உங்கள் போன் வந்தது. அதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம்.

முழுசாகக் குணமாகிவிட்டார் என்று எழுதமாட்டேன். சில காலைகளில் இன்னும் எழுந்திருக்க மனசில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஆனால் இப்போது அதைச் சொல்கிறார். செஸ்ஸில் சின்னவளிடம் தோற்கிறார், தோற்றதற்குக் கோபப்படுகிறார். அந்தக் கோபத்தைப் பார்த்து நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

போன வாரம் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு ஆலோசகரிடம் கிளம்பினார். நான் சொல்லி அல்ல, நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். வாசலில் செருப்பைப் போட்டபடி, “அக்கா என்னைத் திட்டினாளே, அப்ப நடுநடுவுல மூச்சு வாங்கிச்சு. அது எனக்குத் தெரிஞ்ச மூச்சு. நான் இதை விட்டுட்டா அவளை யார் அங்க கூப்பிடுவா?” என்றார்.

அண்ணி, கடைசியில் கேட்கிறேன் என்றேனே, கேட்கிறேன். நலமா? அண்ணன் தவறிப்போன பிறகு தையல் கடையை எப்போது கேட்டாலும் அடுத்த வாரம் திறப்பேன் என்கிறீர்கள். சாப்பிட்டீர்களா என்றால் பிஸ்கட் இருந்தது என்கிறீர்கள். யார் வீட்டுக்கும் போவதில்லை. மனசை அடக்கத் தெரியாதவன் என்று நீங்கள் யாரைத் திட்டினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என் கோபம் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் கேட்டோம். உங்கள் ஊரிலேயே நீங்கள் போய்ப் பார்க்க ஓர் ஆலோசகரைச் சொல்லியிருக்கிறது. இங்கே வந்து கொஞ்ச நாள் இருந்தாலும் சரி, சின்னவளின் அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று. உங்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர்களோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன். எனக்கு அது நன்றாக வரும், உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் அவர் உங்களைப் பார்க்கப் புறப்படுகிறார். தனியாக. நான் வரவில்லை, தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்பவில்லை. நேரமானாலும் பயப்படாதீர்கள், வழியில் எங்காவது இறங்கி நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வருவார். வந்ததும் எதற்கடா வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு கிடக்கிற கிடையைப் பார்ப்பானே என்று ஒதுங்க வைக்கவும் வேண்டாம். கதவைத் திறங்கள் அண்ணி, அது போதும்.

இன்னும் கொஞ்சம் கோபத்தோடும், மிச்சமெல்லாம் பிரியத்தோடும்,
உங்கள் தம்பி மனைவி