ஸ்டோர் ரூம் சர்வரில் முதல் பெயர்

ஜூன் 5, வெள்ளி

விடியும்போதே புழுக்கம். ஸ்டோர் ரூமில் காற்றாடி வேறு ஓடவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, பழைய கணினியை ஏற்றியாயிற்று. இனி அதுதான் எங்கள் சர்வர்.

எதற்கு இந்தக் கூத்து: போன் குரூப்பில் கல்யாண ஆர்டர், வளைகாப்பு ஆர்டர், அண்ணி அனுப்பும் காலை வணக்க ரோஜாப்பூ, எல்லாம் ஒரே குவியல். போன மாதம் ஒரு வளைகாப்புக்குச் சர்க்கரைப் பொங்கல் போகவே இல்லை. அதனால் எங்களுக்குள் மட்டும் செய்தி அனுப்பிக்கொள்ளச் சொந்தமாக ஒரு சாட். டத்தோ கிராமாட் தெருவில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடையும் சுங்கை பினாங் சமையல்கூடமும் இனி இதில்தான் பேசிக்கொள்ளணும்.

நேற்று முழுக்க அடம். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று படுத்தது. இன்று காலை ஒருவழியாக வெள்ளைப் பக்கம் வந்தது. 'முதல் கணக்கைத் தொடங்கவும்.' முதலில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்தான் உரிமையாளர். எந்த அறைக்குள் யார் வரலாம், யாரை வெளியே தள்ளலாம், எல்லாம் அவர் கையில்.

என் பெயரை அடிக்கப் போனேன். அம்மா சூடத்தட்டோடு வந்துவிட்டாள்.

"இரு வாசு. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம். மூத்தவன் கை முதல்ல படட்டும்."

"அம்மா, இது என்ன அடுப்பா?"

"எதுவா இருந்தா என்ன? பத்தரைக்குள்ள முடிங்க, அப்புறம் ராகு காலம்."

கணினிக்குச் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அம்மா தேடினாள், சக்கரம் இல்லையே. அண்ணன் ஒற்றை விரலால் தடவித் தடவி 'மூர்த்தி' என்று அடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். எனக்கும் அந்த உரிமையைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மடச்சி.

ஜூன் 6, சனி

அறைகள் திறந்தாயிற்று: ஆர்டர். சமையல். வண்டி. முடிவு.

'முடிவு' அறையில் அண்ணனும் நானும் மட்டும். எந்த ஆர்டரை எடுப்பது, என்ன விலை சொல்வது, கடையை எப்படி நடத்துவது. அப்பா காரியம் முடிந்த அன்று அண்ணன் வாயாலேயே சொன்னது, "நீயும் நானும் சரி பாதி, வாசு." எழுத்தில் எதுவும் இல்லை. கூடப் பிறந்தவரிடம் எழுதியா வாங்குவார்கள்?

தலைமைச் சமையல் மாரியக்காவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன்.

"பாஸ்வர்ட் என்னா வைக்க?"

"யாருக்கும் சொல்லாத ஒண்ண வைங்கக்கா."

"எனக்கு ஏதுடி அப்படி ஒண்ணு?"

கடைசியில் பேரன் பெயர். வாங்க வேண்டியது: காற்றாடி, நீள வயர், கொசுவத்தி.

ஜூன் 10, புதன்

மத்தியானம் கொட்டித் தீர்த்தது. கடை வாசல் வரை தண்ணீர்.

அண்ணனிடம் கேட்டேன். "எனக்கும் உரிமையாளர் குடுங்கண்ணே. ஒரு கிளிக்தான்."

"இருக்கட்டும் லா. இப்ப என்ன அவசரம்? ரெண்டு பேரு கையில இருந்தா குழப்பம்."

போனில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாத மனிதர். இது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 14, ஞாயிறு

'முடிவு' அறையைக் காணோம். கோளாறு என்றுதான் நினைத்தேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன், சர்வரை அணைத்துப் போட்டேன். பிறகு உள்ளே போய்ப் பதிவுகளைப் பார்த்தால் தெள்ளத் தெளிவாக இருக்கிறது. நீக்கப்பட்டவர்: வாசுகி. நீக்கியவர்: மூர்த்தி.

நேரே போய்க் கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வாழையிலைக் கட்டை எண்ணினார்.

"அண்ணியும் கடைக்கு வர்றா. ஒரே எடத்துல ரெண்டு பொம்பளைங்க... வேணாம் லா. நீ ஆர்டர பாத்துக்க. நல்லாத்தானே செய்ற."

அம்மாவிடம் போனேன். "வீட்டுக்கு வீடு வாசப்படி. நீ கொஞ்சம் விட்டுக்குடு." எப்போது பார்த்தாலும் நான்தான் விட்டுக்கொடுக்கணும். எரிகிறது.

கணினியின் பாஸ்வர்ட் இன்னும் என்னிடம்தான். பின்வழியாகப் போய் ஒரே ஒரு கட்டளை போட்டால் நான் உரிமையாளர். போடவில்லை. திருடி வாங்குவதா என்று ரோஷம். ரோஷம் சோறு போடுமா?

ஜூன் 17, புதன்

அண்ணியின் தம்பி ரூபன் வந்தார். ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாராம்.

"அக்கா, சர்வர் பாஸ்வர்ட் எழுதிக் குடுங்க. இனிமே நான் பாத்துக்கணும்னு மச்சான் சொன்னாரு."

கொடுத்தேன். என் கண் முன்னாலேயே மாற்றினார்.

"அப்டேட் போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெளிய காப்பி எடுத்துரணும் தம்பி. இல்லன்னா மொத்தமா போயிரும்."

"தெரியும்க்கா, தெரியும்க்கா."

நேற்று வரைக்கும் நான் எடுத்த காப்பி தம்ப் டிரைவில், என் கைப்பையில். யாரும் கேட்கவில்லை.

சாயந்திரம் சமையல்கூடத்தில் மாரியக்கா பூசணிக்காய் வெட்டிக்கொண்டே, "பட்டர்வொர்த்துல புதுக் கடையாமே, உங்க அண்ணி பேர்ல? ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதெல்லாம் 'முடிவு' அறையில் பேசியது.

கத்தியை வாங்கி நானே வெட்டினேன். ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது.

ஜூன் 23, செவ்வாய்

மண்டையைப் பிளக்கும் வெயில். பாங்க் வேலையாகச் சூலியா தெருப் பக்கம் போயிருந்தேன். இரண்டரைக்கு அண்ணன் போன்.

"வாசு, எங்க இருக்க? ரூபன் என்னமோ அப்டேட் போட்டாப்ல. எல்லாம் போயிருச்சு. வெறும் வெள்ளையா நிக்குது. சனிக்கிழம கல்யாணம் இருக்கு லா!"

இப்போது மட்டும் வாசு வேண்டும்.

போனேன். ரூபன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். காப்பி எடுத்தாரா? இல்லை. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருக்கிறார். குங்குமப்பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

"எல்லாமே போச்சா?" என்றார் அண்ணன்.

பை என் தோளில். தம்ப் டிரைவைச் செருகினால் எல்லாம் திரும்பும். ஆர்டர்கள், அறைகள். உரிமையாளர் மூர்த்தியும். நீக்கப்பட்ட வாசுகியும்.

"போச்சுண்ணே."

கூசாமல் வந்தது. சனிக்கிழமைக் கல்யாணத்து ஆர்டர் அந்தக் காப்பியிலேயே இருக்கிறது, வீட்டில் பார்த்து இன்றைக்கே மாரியக்காவிடம் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு ஆர்டர் கொடுத்தவர்களிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். சாப்பிட வருகிறவர்களோடு எனக்கு என்ன சண்டை? பட்டர்வொர்த் கடையும் எங்கேயும் போகாது, அண்ணி பெயரில்தான் இருக்கும். தெரியும்.

"சரி, புதுசா ஆரம்பி. என் பேரப் போட்டுரு, பழையபடி," என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியில் அண்டா ஏற்றப் போனார். ரூபனும் பின்னாலேயே.

அம்மா போனில். "பூஜை போடலன்னாலும் பரவால்ல. நல்ல நேரமாச்சும் பாத்தியா?"

"பாத்தேம்மா."

செவ்வாய், மூன்றே முக்கால். நட்டநடு ராகு காலம்.

வெள்ளைப் பக்கம் முதல் பெயரைக் கேட்டது. வாசுகி என்று அடித்தேன்.