வாண்டு தண்ணீர் கேட்ட விதம்

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இந்தப் புது நாட்டில் வேலை நிலைக்கும்வரை இரண்டு வருஷம் என் மகளை நீதான் வளர்த்தாய். கூட்டிவந்து ஒரு மாதம் ஆகிறது. என் சமையலில் ஒவ்வொரு வாய்க்கும், "பெரியம்மா இப்படிப் பண்ண மாட்டாங்க" என்கிறாள். போகட்டும், பொறுத்துக்கொள்கிறேன்.

விஷயம் வேறு. பள்ளிக்கூடத்தில் வாண்டு வாயே திறப்பதில்லையாம். முதல் நாள் தண்ணீர் கேட்டிருக்கிறாள், உங்கள் ஊர் வழக்கப்படி நறுக்கென்று, "வாட்டர்" என்று. இந்த நாட்டு இங்கிலீஷில் எல்லோரும் "வாடர்" என்று குழைப்பார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டன. "நீயும் வாடர்னு சொல்லிட்டுப் போயேன்டி" என்றால், "பெரியம்மா சொன்னதுதான் கரெக்ட்" என்கிறாள். நீ ஒரு வரி எழுதினால் கேட்பாள்.

உன் தங்கை

செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

அத்தானுக்கு முட்டிவலி தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் கடிதத்தைத் தவிர.

நான் எழுத மாட்டேன். பல் டாக்டர் கிளினிக்கில் இத்தனை வருஷமாக போன் எடுக்கிறேன், யாரும் என் வாட்டரைக் குறை சொன்னதில்லை. நீதான் அங்கே போன மறு மாதமே 'ஷெட்யூலை' 'ஸ்கெட்யூல்' ஆக்கினாய், 'விட்டமினை' 'வைட்டமின்' ஆக்கினாய். போனில் கேட்டு அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னிடமிருந்து எடுத்துப்போனது நாலு கவுனும் என் பேச்சும்தான். கவுன் சின்னதாகிவிடும். பேச்சையும் நானே பிடுங்கிக்கொள்ளவா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னை மறந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா

அக்டோபர் 1

அன்பு அக்கா,

படித்ததும் சண்டை போட நினைத்தேன், அழுகைதான் வந்தது. ஆனால் இதைக் கேள்.

வாண்டு பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் காலியானால் வராந்தாக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம், டீச்சரிடம் கேட்க வேண்டும். கேட்பதில்லை. நேற்று விளையாடிவிட்டுத் தலைவலியோடு வந்து படுத்துவிட்டாள். உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கேட்டால் உனக்குத் துரோகம், உன் மாதிரி கேட்டால் சிரிப்பு. ஏழு வயசுக்கு இது பெரிய பாரம், அக்கா.

உன் தங்கை

அக்டோபர் 8

என் வாண்டுக் கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன், அம்மா படித்துக் காட்டுவாள். எங்கள் பல் டாக்டர் வேறு ஊர்க்காரர் என்று உனக்குத் தெரியும். அவர் நடு எழுத்தை முழுங்கிவிட்டு "வா-அர்" என்பார். அதற்காக நான் ஒருநாளும் அவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை. வாட்டர் என்றாலும் சரி, வாடர் என்றாலும் சரி, நீ எப்படிக் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம். குடிக்காமல் இருந்தால்தான் கோபம் வரும். குடி, தங்கம்.

உன் பெரியம்மா

அக்டோபர் 19

அன்பு அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். எப்படிக் கேட்டாலும் சரி என்று எழுதினாய் அல்லவா? மறுநாள் நேரே டீச்சரிடம் போய், "தண்ணி!" என்றிருக்கிறாள். டீச்சர் முழிக்க, காலி பாட்டிலைத் தலைகீழாக ஆட்டிக் காட்டியிருக்கிறாள்.

இப்போது வகுப்பே குழாயடியில் "டன்னி, டன்னி" என்று நிற்கிறதாம். இவள் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு புருவத்தைத் தூக்கி, "மறுபடி சொல்லு" என்கிறாளாம். சரியாகச் சொன்னால்தான் குழாய்ப் பக்கம் விடுகிறாளாம், டீச்சரையும் சேர்த்து.

நேற்று டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்து, "இவள் அப்படியே அம்மா மாதிரியோ?" என்றார். நான் இல்லை என்று சொல்லி, கைப்பையிலிருந்து உன் போட்டோவை எடுத்துக் காட்டினேன்.

உன் தங்கை