தம்பிக்காக ஒரு நேரலை

ஐப்பசி 7, செவ்வாய்
காலையிலேயே கனிசியஸ் அண்ணையின் போன். அவருடைய நண்டுக் கொம்பனியின் இணையத்தளம் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் திறக்கிறதாம், சிங்கப்பூரில் வாங்குகிறவர்கள் குறை சொல்கிறார்களாம். வேறு சேர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். "பிள்ளை ஜெசிதா, குருநகரிலை இருந்துகொண்டு உலகத்தையே கட்டி இழுக்கிறாய்" என்றார். சிரிப்பு வந்தது. விடுதிகள், கடைகள், அவருடைய நண்டு – எல்லாருடைய இணையத்தளமும் இணைப்பும் என் தலையில்.
வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை.

ஐப்பசி 9, வியாழன்
கடலுக்கடியில் போகிற கேபிள் எங்கேயோ பழுதாம். உள்நாட்டுக்குள் எல்லாம் ஓடுகிறது. வெளிநாட்டுக்குப் போகிறதுதான் விட்டு விட்டு. திருத்துகிற கப்பல் வரவே நாள் செல்லுமாம். பகல் முழுக்க ஏச்சு வாங்கினேன்.
அப்பாவிடம் சொன்னேன். "கடலுக்குள்ளை கேபிளோ? இவ்வளவு காலம் வலை போட்டனான், என்ரை கண்ணிலை ஒருநாளும் படேல்லையே." அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது.

ஐப்பசி 11, சனி
அப்பாவை ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். நெஞ்சில் நீர். "பிள்ளையள் இருந்தா வரச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர்.
தம்பி ஜெனிஸ்ரன் எப்படி வருவான்? பரிஸில் விசா இல்லாமல் இருக்கிறவன். வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. போய் பதினொரு வருசம். முகம் காட்டிக் கதைக்கவும் மாட்டான் – அழுகை வருமாம். எப்பவும் குரல் மட்டும்தான்.

ஐப்பசி 12, ஞாயிறு
தம்பி எடுத்தான். அப்பாவின் காதில் போனை வைத்தேன்.
"அப்பா, நான்—"
அவ்வளவுதான். பிறகு கரகரப்பு. "சொல்லடா தம்பி, சொல்லு" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். லைன் அறுந்துபோனதை நான் சொல்லவில்லை.
எத்தினை பேருக்கு லைன் குடுக்கிறன். என்ரை அப்பாவுக்கு ஒரு நிமிசம் குடுக்க ஏலாமல் போச்சே.

ஐப்பசி 13, திங்கள்
அப்பா போயிட்டார்.

ஐப்பசி 14, செவ்வாய்
தம்பியின் மெசேஜ்: "அக்கா, அடக்கத்தையாவது காட்டு."
எப்படிக் காட்டுவது? குரலே போகாத லைனில் படம் போகுமா?
செத்தவீட்டுக்கு வந்த கனிசியஸ் அண்ணையிடம் இதைச் சொல்லி அழுதேன். உடனே எழும்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் செய்மதி இன்டர்நெட் டிஷ். அவருடைய தொழிற்சாலைக் கூரையில் இருந்தது. கேபிள் போன பிறகு அவரின் வியாபாரமே அதில்தான் ஓடியது.
"அண்ணை, உங்கடை ஓடருகள்?"
"கிடக்கட்டும். செபமாலை அண்ணையை அவரின்ரை பெடியன் பாக்கவேணும்."
தானே ஏறி எங்கள் மதிலில் பூட்டினார்.

ஐப்பசி 15, புதன்
மூலையில் பூட்டி வைத்த கமராவிலிருந்து படம் நல்ல தெளிவாகப் போனது. லண்டனில், கனடாவில் சொந்தங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக என் போனில் வந்தன. தம்பியின் பெயர் இல்லை.
"சுவாமி, இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். பங்குச் சுவாமி காத்திருந்தார். சனம் காத்திருந்தது. பெட்டி மூடும்வரை பார்த்தேன்.
வரேல்லை. அவன் வரேல்லை. ஏனடா?

ஐப்பசி 21, செவ்வாய்
கேபிள் சரி. டிஷ்ஷைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாருடைய தளமும் ஓடுகிறது. தம்பியின் போன் மட்டும் நிற்பாட்டியபடியே. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. மாதாவே.

ஐப்பசி 24, வெள்ளி
எடுத்தான்!
"நீ அனுப்பின லிங்கைக் கையிலை வைச்சுக்கொண்டு றோட்டிலை நடந்தனான் அக்கா. அமத்தித் திறக்கேல்லை. அமத்தினா அப்பா செத்தது உண்மையாப் போயிடும்."
ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "பதிவு இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசி 26, ஞாயிறு
பூசை முடிந்து வந்து இருக்க, தம்பி எடுத்தான். "நீயும் பார் அக்கா. தனியப் பாக்க ஏலாது."
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதிவை அமத்தித் திறந்தோம். நான் மேசையில், அவன் எங்கேயோ ஒரு அறையில். அப்பாவின் முகம் வந்தபோது அழுதான். சின்ன வயசில் அழுகிற மாதிரியே.
பெட்டி மூடுகிற இடத்தில் கேட்டான்:
"அப்பான்ரை காலடியிலை, முதுகு காட்டிக்கொண்டு நிக்கிற அந்த நரைச்ச மனிசி ஆர் அக்கா?"
"நான்தான்ரா" என்றேன்.