கடல்நரியின் இரண்டாம் பாதி

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் இரண்டு பேர் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்த்தார்கள். வரிசையில் நிற்கும்போதே காதில் வாங்கிவிடுகிறார்கள் போல. அட்டையை மாற்றி மாட்டினேன். "இது போங்கு மேடம்" என்றார் ஒருவர். கண் பரிசோதனையிலும் போங்கு!

வீட்டுக்கு வந்ததும் மகள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் அந்தப் பையனின் அப்பா அம்மா சாப்பிட வருகிறார்களாம். நல்லது, வரட்டும்.

"மாமாவ மட்டும் கூப்பிடாதம்மா."

"ஏன்டி? உனக்கு இருக்கிறது ஒரே தாய்மாமன்."

"அவர் ரொம்பப் பேசுவார்."

பேசுவான்தான். அதற்காகக் கூப்பிடாமல் விட முடியுமா? நாளைக்குத் தெரிந்தால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவான். அவளிடம் சரி என்றேன். அவள் தூங்கப் போனதும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பல் டாக்டரிடமிருந்து போன். அவர் எங்கள் கல்லூரிக் காலத்து நண்பர். "மாட்டிச்சு! முழுப் படமும் இருக்கு, பளிச்னு இருக்கு" என்று கத்துகிறார். பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும், பாவம்.

'கடல்நரி' படம் வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. இருபத்திரண்டாம் தேதி, அவர் கிளினிக்கில், மதியம் உட்கார்ந்து பார்த்து மனசாரத் திட்டுவதாக ஏற்பாடு.

அண்ணன், நான், பல் டாக்டர், எங்கள் மூன்று பேருக்கும் கடல்நரி என்றால் உயிர். மாதம் ஒரு நாவல், மட்டித் தாளில், அட்டையில் கப்பலும் ரத்தமும். அவன் ஒல்லிப்பிச்சான். சோடாபுட்டிக் கண்ணாடி. துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. வாயாலேயே பிழைப்பான். கொள்ளைக்காரன் கத்தியைக் கழுத்தில் வைத்தால், அந்தக் கத்தியையே விலை பேசி வாங்கிக்கொண்டு போய்விடும் பொய்யன். நான் இந்தக் கண்ணாடித் தொழிலுக்கு வந்ததில் அவனுக்கும் பங்குண்டு என்று இவர், என் வீட்டுக்காரர், கிண்டல் செய்வார்.

படத்தில் அவனை என்ன செய்தார்கள்? தோள் இரண்டும் வாசல் நிலையில் இடிக்கிற ஆள். முதல் காட்சியிலேயே கண்ணாடியைக் கழற்றிக் கடலில் எறிகிறான். நான் அழுதேவிட்டேன். அப்புறம் ரப்பர் ஆக்டோபஸ். அதன் முதுகில் ஜிப் தெரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஐயோ. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவர்கள் நல்ல மனிதர்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். அந்த அம்மா வந்த உடனே என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். பையனின் அப்பா அதிகம் பேசாதவர். மெலிந்த உடம்பு, துடைத்துத் துடைத்துப் போடும் கண்ணாடி. துணி துவைக்கும் மெஷின், மிக்சி இதற்கெல்லாம் பெட்டிக்குள் வைக்கிற விளக்கப் புத்தகங்கள் எழுதுகிறாராம். "யாருமே படிக்கிறதில்லை, அதனால நிம்மதி" என்றார். எனக்குப் பிடித்துப்போனது.

அண்ணனைப் பார்த்ததும் மகள் முகம் மாறியது. நான்தான் கவனிக்காமல் விட்டேன்.

இருபத்திரண்டாம் தேதிக் கூட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். அவ்வளவுதான், அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன், குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தில் வரும் அந்த வசனத்தைச் சொன்னான்: "கடலே என் கட்டில்! அலையே என் போர்வை! புயலே… நீ என் தாலாட்டு!"

"இத எழுதின ஆள் கடல பக்கெட்லதான் பார்த்திருப்பான்" என்று வேறு சேர்த்துக்கொண்டான். நான் சிரித்தேன். இவர்கூடச் சிரித்தார். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பையன் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்பா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தாலாட்டு என்னுது இல்லைங்க. அது தயாரிப்பாளர் சேர்த்தது. கட்டிலும் போர்வையும் நான்."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்தபோது அண்ணன் இன்னும் நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றுகொண்டிருந்தான். உட்காரத் தெரியவில்லை அவனுக்கு.

அந்த ஒரே படம்தான் அவர் எழுதியதாம். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அதையும் அவர் சொல்லவில்லை, அந்த அம்மாதான் சொன்னார்.

கிளம்பும்போது பையனின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணனிடம் கேட்டார்: "அந்தக் கதவு சீனும் பிடிக்கலையா உங்களுக்கு?"

"எந்தக் கதவு?"

அவர் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தார். போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

மகள் என்னோடு பேசவில்லை, இவரிடம்தான் சொன்னாள். எங்களுக்குப் பிடித்த கதையைக் கெடுத்தவர் அவர்தான் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். அதனால்தான் இந்தச் சந்திப்பை இத்தனை காலம் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

"அப்பா கோபப்படலை ஆன்ட்டி. ஒண்ணுமே சொல்லலை. அதான் பயமா இருக்கு." பையன் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். வந்த சாக்குக்குக் கண்ணையும் காட்டினான். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தச் சம்பந்தம் முறிந்தால் என் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன்? எல்லாம் ஒரு ரப்பர் ஆக்டோபஸால்.

மார்ச் 14, சனி

நடந்ததைச் சொன்னபோது பல் டாக்டர் கேட்டார், "அவர் சொன்ன கதவு எதுன்னு யோசிச்சீங்களா?" யோசித்தேன். கதவே ஞாபகமில்லை. ஆக்டோபஸ் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு…

இடைவேளை! இடைவேளையிலேயே மூன்று பேரும் எழுந்து வந்துவிட்டோமே! தியேட்டர் வாசலில் நின்று திட்டிவிட்டு, வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தோம். இருபத்தைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பது பாதிப் படத்தை.

அண்ணனிடம் சொன்னேன். "அவர் வீடு எங்க இருக்கு?" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். போய் என்ன பேசித் தொலைப்பானோ!

மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவள் எப்படிக் கொடுத்தாள்?

மார்ச் 15, ஞாயிறு

போனவன் வாசலிலேயே நின்று, "நாங்க பாதிதாங்க பார்த்தோம். மீதிய உங்ககூட உட்கார்ந்து பார்க்கணும்" என்றானாம். வேறு ஒன்றும் பேசவில்லையாம். அண்ணனா?

வருகிறேன் என்றிருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

கிளினிக்கின் காத்திருப்பு அறை. கிராம்புத் தைல வாசனை, அலமாரியில் இளித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பல்வரிசைகள். இரும்பு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம். இரண்டு குடும்பமும் பல் டாக்டரும்.

படம் ஆரம்பித்ததும் யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுதினவருக்காக மரியாதை. சாவு வீடு மாதிரி இருந்தது. கடல்நரி கண்ணாடியைக் கழற்றிக் கடலில் எறிந்தான். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாசமாப் போச்சு!" பார்த்தால், அவர்!

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஆக்டோபஸ் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஜிப் வலது பக்கமா இடது பக்கமா என்று அண்ணனும் அவரும் சண்டை. உள்ளே இருந்த ஆள் நடுவில் டீ கேட்டதைச் சொன்னார். சம்பந்தி அம்மா என் தோளில் சாய்ந்து சிரித்தார். இவர் மட்டும் குறட்டை.

இடைவேளை. எங்களுக்கு இதற்கு மேல் புதுப் படம்.

அதுவும் குப்பைதான். ஒரு பாட்டு, ஒரு தங்கச்சி, ஒரு ஹெலிகாப்டர். பிறகு அந்தக் கப்பல் மூழ்குகிறது. கதை முழுக்கக் கடல்நரியைக் கொல்லத் துரத்தியவன் என்ஜின் அறையில் மாட்டிக்கொள்கிறான். நடுவில் இரும்புக் கதவு. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. இந்தப் பயில்வான் மோதிப் பார்க்கிறான், கதவு அசையவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படியே கதவோரம் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான்.

பொய் சொல்கிறான். கதவை அறுக்க ஆள் வந்துவிட்டது என்கிறான். அது என்ன சத்தம் என்று உள்ளேயிருந்து கேட்கிறான் அவன். இவன் தன் மோதிரத்தால் கதவைச் சுரண்டிக்கொண்டே, ரம்பம்தான், கேட்கலையா என்கிறான். உன் மனைவி கரையில் நிற்கிறாள், நீலப் புடவை கட்டியிருக்கிறாள் என்கிறான். அவளுக்கு நீலம் பிடிக்காதே என்கிறது உள்ளிருந்து குரல். "கோபத்துல கட்டிட்டு வந்திருக்கா. நீயே வந்து கேளு." உள்ளே சிரிப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இவன் மட்டும் சுரண்டிக்கொண்டே இருக்கிறான்.

எங்கள் கடல்நரி. கண்ணாடி இல்லாமல், தப்பான உடம்புக்குள். அவனேதான்.

இவர் எப்போது விழித்தாரோ, நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். மகள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எங்கள் முன்னாலேயே.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். அண்ணன் எழுந்தான். மறுபடியுமா!

"புத்தகத்துல எங்கயும் இப்படி ஒரு இடம் இல்லையே" என்றான்.

"இல்லை."

"இருந்தாலும் அவன்தான்."

"அவன்தான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஆக்டோபஸ் கிழிஞ்சுபோச்சு. ஷூட்டிங் நிக்கக் கூடாது, ஒரு கதவுதான் இருக்கு, ஏதாவது எழுதுய்யான்னாங்க. ஒருத்தரும் தலையிடலை. அந்த ஒரு நாள் மட்டும் என்னை விட்டுட்டாங்க."

அதை யாராவது எப்போதாவது பாராட்டினார்களா என்று கேட்டேன். "இப்பத்தான்" என்றார்.

மார்ச் 23, திங்கள்

மகள் காலையில் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கல்யாணத் தேதி பேச அவர்கள் வீட்டுக்குப் போனோம். அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே போய், ஜன்னலோர நாற்காலியில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தான். கடல்நரி கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாதது சரியா தப்பா என்று சம்பந்திக்கும் அவனுக்கும் வாக்குவாதம். சரி என்றான் அண்ணன். அவர் விடவில்லை. இவர் நடுவில் புகுந்து, "செஞ்சிருந்தா இவ்வளவு பேசியிருக்க மாட்டான்" என்றார். ஒரு வரிகூடப் படிக்காத மனிதர்!

சம்பந்தி அம்மா என்னைத் துணி காயப்போட மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு துண்டை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினோம்.

"பத்து நாளா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து எழுதறார். இந்தத் தடவை எந்த மெஷினுக்குன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"மெஷின் இல்லைன்னார்."

துண்டைக் கொடியில் போட்டார். "அதுக்கு மேல நான் கேட்கலை. நீங்களும் கேட்காதீங்க."

மாட்டேன் என்றேன். கீழே அண்ணனின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. அதற்குச் சமமாக இன்னொரு குரலும். அந்த மனிதருக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று நினைக்கவில்லை.

பையனோடு வாசலிலேயே பேசிக்கொண்டிருந்த மகள் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், "என்னிக்கும்மா தேதி?"

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தேதியைத் தவிர மற்றதெல்லாம் பேசியிருந்தோம்.