படகு இல்லாத படம்

26 ஏப்ரல் 2025, சனி

இன்று ஒரு நல்ல படமும் இல்லை. லென்ஸ் முழுக்க உப்பு. குளிரில் பற்றரி செத்துவிடும் என்று மற்றதை உள்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன். எடுக்கும்போது ஐந்து விரலும் என்னுடையதா என்று சந்தேகம்.

நான் படகில் ஏறும்போது எம்மா வழக்கம்போலச் சிரித்தார். செம்மஞ்சள் மிதவை உடுப்புக்குள் என்னை அடைத்துப் பூட்டினால் கை கால் முளைத்த தோடம்பழம் மாதிரித்தான் இருப்பேன். எம்மா என்னோடு பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிற நொர்வேஜியப் பெண். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். படகு அவருடையது. சின்னப் படகு, சின்ன எஞ்சின். ட்ரொபாக்குக்குத் தெற்கே ஒரு பாறை இருக்கிறது. கடல்நாய்கள் அதில் வந்து ஏறிப் படுக்கும். கிட்டப் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொண்டுபோகிற வழியில் போகவேண்டும். அவை தலையைத் தூக்கினால் பிழை எங்களுடையது.

இருபது வருடமாகக் கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் படம் பிடித்த வாய் சும்மா இருக்குமா? “இஞ்சை பாருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ” என்று மெல்லமாகச் சொல்லிப்போட்டேன். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளி உள்ள ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று சம்மந்தி பார்க்கிற அதே பார்வை. இன்றிலிருந்து அவளுக்குப் பெயரே சம்மந்தி. வயிறு தள்ளியிருக்கிறது. யூன் கடைசியில் குட்டி போடும் என்கிறார் எம்மா.

இவைகளை எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், ஒன்றாவது “அண்ணை, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ” என்று கேட்டதில்லை.

4 மே, ஞாயிறு

நேற்று எடுத்த சம்மந்தியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். நெஞ்சுப்படம், நல்ல வெளிச்சம். கைதட்டல்கள் குவிந்தன. நான் ஒரு அடி உயர்ந்தேன்.

மனைவி ரஞ்சினியின் தம்பி ரிசாந் உடனே போன் எடுத்தான். “அத்தான், இது எவடம்? கனடாவிலை இருந்து ஆக்கள் வருகினம். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவேணும்.” போன வருடம் பெரிய எஞ்சினோடு வெள்ளைப் படகு ஒன்று வாங்கியவன். அவன் இருக்கிற ஹவுகன்ஸ்டுவாவில் அதை நிறுத்த இடமில்லை, ஆனால் அதைப் பற்றிக் கதைக்க இடம் நிறைய.

பெருமையில் இடத்தையே குறித்து அனுப்பிவிட்டேன். தூர நின்று பார் என்றும் எழுதினேன். வாசித்தானா?

பரவாயில்லை, மச்சான் தானே. வருகிற மாதம் கோவிலில் மகள் சிந்தியாவின் உறுதிபூசுதலுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான்.

29 மே, வியாழன். விண்ணேற்பு விடுமுறை

 

நாங்கள் பாறைக்கு மேற்கே சத்தமில்லாமல் நின்றோம். தெற்கிலிருந்து ஒரு வெள்ளைப் படகு வந்தது. வேகம் குறைக்கும் குறைக்கும் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. பாறை வரைக்கும் வந்தது. பாட்டு வேறு. படகில் ஒருத்தி பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தன்னைத் தானே படம் எடுக்கிறாள். கடல்நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் விழுந்தன. விழுந்தவைக்கு மேலாலேயே படகைத் திருப்பினான். நான் கண்ணை எடுக்காமல் கமராவை அமத்திக்கொண்டிருந்தேன். இருபது வருடப் பழக்கம், தாலி கட்டும்போது விரல் எடுக்கக்கூடாது. தண்ணீர் சிவந்தது. சம்மந்தி ஒருமுறை மேலே வந்தாள். முதுகு திறந்திருந்தது. பிறகு காணவில்லை.

எம்மா எழுந்து நின்று நொர்வேஜிய மொழியில் உள்ள தூஷணம் எல்லாவற்றையும் சொன்னார். எனக்குத் தெரியாதவையும் இருந்தன. “நம்பர் எடுத்தாயா சூசை?” “பார்க்கவேண்டும்” என்றேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் தெளிவு. சுக்கானில் நிற்பவனின் சிவப்புத் தொப்பி அதைவிடத் தெளிவு. நத்தார்ப் பண்டிகைக்கு ரிசாந்துக்கு நான் வாங்கிக் கொடுத்த தொப்பி.

நாசமாப் போவான். விசரன். வயிற்றிலை குட்டியோடை கிடந்தது. விசரன்.

30 மே

ரஞ்சினிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

31 மே, சனி

ரஞ்சினி சோற்றைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அந்தப் படகை மட்டும் எடுத்துவிடுங்கோவன்.”

“எங்கையிருந்து?”

“படத்திலையிருந்து. பிறகு எம்மாவுக்குக் குடுங்கோ.”

“அது நடந்தது ரஞ்சினி.”

“தேவிகான்ரை கலியாணமும் நடந்ததுதானே. விவாகரத்து எண்டோடனை அல்பத்திலையிருந்து மாப்பிள்ளையையே எடுத்துக் குடுத்தனீங்கள். ஒரு மனுசனையே எடுத்த ஆளுக்கு ஒரு படகு பெரிசோ?”

 மாப்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைத்தேன், உண்மைதான். விசா கிடைக்காத அண்ணன்மாரைச் சேர்த்திருக்கிறேன். செத்த தகப்பன்மாருக்குப் புதுக் கோட்டுப் போட்டு நடுவில் இருத்தியிருக்கிறேன். அம்மருட்டில் இருந்து ஸ்தவாங்கர் வரை எங்கள் ஆட்களின் பாதி வீட்டுச் சுவரில் என் பொய்.

அதற்காக? எனக்கு யாரில் கோபம் என்றே தெரியவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது. மானம் கெட்டு, போய்ப் போட்டுச் சாப்பிட்டேன்.

1 யூன், ஞாயிறு

பூசை முடிந்து ரிசாந் வீட்டுக்கு வந்தான், ரஞ்சினி சொல்லியிருக்கவேண்டும். கையில் கேக் பெட்டி. கவலைப்பட்ட முகம் இல்லை. அதில்தான் முதலில் எனக்குக் கோபம் ஏறியது.

“அத்தான், நான் காணேல்லை. அது தண்ணிக்குள்ளை. நான் என்ன வேணுமெண்டே செய்தனான்?”

“கிட்டப் போகாதை எண்டு எழுதினனான்.”

“இடம் போட்டது நீங்கள்தானே.”

அது குத்தியது. குத்தும் என்று தெரிந்துதான் சொன்னான்.

“பின்னாலை பாத்தனியோ? இரத்தத்தைப் பாத்தனியோ? பாத்திட்டும் பாட்டை நிப்பாட்டேல்லையே.”

“படகிலை வந்த பிள்ளையள் பாத்துப் பயந்திடும் எண்டு ஓட்டிக்கொண்டு வந்திட்டன்” என்றான். ஒரு கணம் முகம் மாறியது. அப்படியே விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அவன் சிரித்துவிட்டான். “பேரே நாய் அத்தான். ஒரு நாய்க்காகச் சொந்த மச்சானைக் காட்டிக் குடுப்பியளோ? காட்டிக் குடுக்கிற வேலை எப்ப பழகினனீங்கள்?”

சிந்தியா தட்டோடு வாசலில் நின்றாள். ரஞ்சினி “தம்பி” என்று மட்டும் சொன்னாள். யுத்த காலத்தில் எங்கள் ஆட்களுக்குள் ‘காட்டிக் குடுத்தவன்’ என்ற சொல்லால் எத்தனை உயிர் போனது என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய தகப்பனைக் கொண்டுபோனதும் அந்தச் சொல்தான்.

“வெளியிலை போ” என்றேன். கேக்கையும் கொடுத்துவிட்டேன். சொக்கிலேட் கேக்.

2 யூன்

 தொழிற்சாலையில் பாண் எரிந்தது. என் வரிசை.

3 யூன், செவ்வாய்

சரி, செய்தேன். மத்தியானம் வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்து படகை எடுத்தேன்.

கஷ்டம் என்று நினைத்தேன். தேநீர் ஆற முதல் முடிந்துவிட்டது. பக்கத்துத் தண்ணீரை வெட்டி ஒட்டினேன், அலையை அலையோடு பொருத்தினேன். எஞ்சின் நுரையை எடுத்தேன். நுரை போனால் இரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும், அதையும் எடுத்தேன். முதுகையும் மூடினேன், தோல் மினுங்க. எவ்வளவு வடிவான படம். அமைதியான கடல். அதற்குள் ஒரு காரணமும் இல்லாமல் பாய்ந்து விழுகிற மிருகங்கள்.

ஒருத்தரும் துரத்தேல்லை, தாங்களாப் பயந்து ஓடினவை.

இந்தக் கதையை எனக்குத் தெரியும். இஞ்சை வந்து இறங்கின காலத்திலை, அகதி விசாரணையிலை, என்னைப் பாத்தும் ஒருத்தர் சொன்னவர். கோட்டுப் போட்டுக்கொண்டு, கோப்பி குடிச்சுக்கொண்டு. ஆர் துரத்தினது, படத்திலை ஒருத்தரையும் காணேல்லையே எண்டமாதிரி. நான் மொழி தெரியாமல் அழுதனான். இப்ப அதே வேலையை நானே செய்திருக்கிறன், நல்ல கைத்திறனோடை.

அழித்தேன். பிறகு கணினியின் குப்பைப் பெட்டிக்குள் போய், அந்தப் பொய்ப் படத்தை அங்கேயும் அழித்தேன்.

4 யூன், புதன்

ரிசாந்துக்குப் போன் எடுத்தேன். நினைத்ததைவிட என் குரல் தாழ்ந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை படத்தைப் பொலிசுக்குக் குடுக்கப்போறன். அதுக்கு முன்னம் நீயாப் போய்ச் சொன்னால் நான் குடுக்கேல்லை. காட்டிக் குடுக்கிறவன் ஒளிச்சுக் குடுப்பான். நான் உனக்குச் சொல்லிப்போட்டுக் குடுக்கிறன்.”

“அப்ப உங்கடை பிள்ளைக்கு வேறை ஞானத்தகப்பன் பாருங்கோ” என்று வைத்துவிட்டான்.

சிந்தியாவிடம் நானே சொன்னேன்.  அவள் கேட்டாள்: “அது செத்திட்டோ எண்டு மாமா கேட்டவரோ?”

“இல்லை.”

“சரி” என்றாள். அறைக்குள் போய் அழுதாள். கதவுக்கு வெளியே தோடம்பழம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன், அந்த மிதவை உடுப்பு இல்லாமலேயே.

6 யூன்

அவன் போகவில்லை. படத்தைப் பொலிசில் கொடுத்தேன். எம்மாவும் வந்தார். ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. மச்சான் என்று சொன்னதும் படத்தில் அந்தத் தொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

14 யூன், சனி

உறுதிபூசுதல். ஆயர் நெற்றியில் தைலம் பூசும்போது ஞானப்பெற்றோர் பிள்ளையின் தோளில் கை வைக்கவேண்டும். சிந்தியாவின் தோளில் கோவிலில் பாடுகிற புளோறன்ஸ் அன்ரியின் கை. அவசரத்துக்குக் கேட்டும், உடனே ஓம் என்ற நல்ல மனுசி. நிறைய வளையல், அத்தனையும் வெளிச்சத்தைத் திருப்பி என் லென்ஸுக்குள் அடித்தன. படம் பரவாயில்லை. ரிசாந் வரவில்லை. வாசலை எத்தனை தரம் பார்த்தேன் என்று எழுதமாட்டேன்.

வெளியே குடும்பப் படம். கமராவைத் தாங்கியில் வைத்துவிட்டு ஓடிப்போய் நின்றேன். வீட்டில் பார்த்தபோது ரஞ்சினிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு வெற்றிடம். நான் சொல்லித்தான் எல்லோரும் அப்படி நின்றார்கள். வராதவர்களைப் பிறகு ஒட்டுவதற்கு விடுகிற இடம். கை தன்பாட்டில் விட்டிருக்கிறது.

15 யூன்

ரஞ்சினி அந்த இடத்தில் விரலை வைத்தாள். “தம்பியை வைச்சுவிடுங்கோ. ஊரிலை உள்ளவைக்கெல்லாம் செய்யிறியள்.”

“மாட்டன். வாறதெண்டால் அவன் தன்ரை காலாலை வரட்டும்.”

“அப்ப வெட்டிவிடுங்கோ. வெறுமையாக் கிடந்து என்னைப் பாக்குது.”

அதையும் மாட்டேன் என்றேன். இரவு உப்பில்லாத கறி.

27 யூன்

அவனுக்குத் தண்டம் வந்ததாம். கட்டிவிட்டானாம். சொன்னது ரஞ்சினி, குளிர்சாதனப் பெட்டியிடம். நான் பக்கத்தில் நின்றேன்.

அவன் பிழைதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்! இப்போதும் நினைக்கப் பல்லைக் கடிக்கிறேன்.

5 யூலை, சனி

சம்மந்தி பாறையில் கிடந்தாள்.

நான்தான் முதலில் கண்டது. கழுத்தில் அதே புள்ளி. முதுகில் நீளமாக ஒரு கோடு, இன்னும் சிவப்பு, ஓரம் வெளுத்து வருகிறது. பின் துடுப்பு ஒன்று பாதிதான். குட்டியைக் காணவில்லை. மற்றவைக்குக் குட்டிகள் உண்டு, அவளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பாறையின் மறுபக்கத்தில் இருக்கலாம் என்றார் எம்மா. சுற்றிப்போய்ப் பார்ப்போமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சுற்றினால் அவை எழும்பிவிடும்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதே பார்வை. இந்த முறை நான் சிரிக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ரஞ்சினிக்குக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குசினிக்குள் போய்த் தொலைபேசியில் மெல்லக் கதைத்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரிசாந்திடமிருந்து எனக்கு ஒரு செய்தி. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் செய்தி.

“அத்தான் அது உயிரோடை இருக்கோ”

கேள்விக்குறிகூட இல்லை. படத்தை அனுப்பினேன். வெளிச்சம் திருத்தவில்லை, ஓரம் வெட்டவில்லை. முதுகு முழுதாகத் தெரியும். இரண்டு சரிக்குறியும் நீலமாயின, பார்த்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது, நின்றது.

ஒன்றும் வரவில்லை. குடும்பப் படத்தைச் சட்டம் போடத் திங்கட்கிழமை கொடுக்கிறேன், அந்த வெற்றிடத்தோடேயே.